மயக்கவியல் பி.ஜி. வகுப்புப் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டதா? எங்கிருந்து தொடங்குவது

ஒரு திங்கட்கிழமை காலை துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) கூப்பிட்டு, "இனிமே பி.ஜி. கிளாஸ் எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லியிருப்பார். கூடவே ஒரு பழைய ரிஜிஸ்டரும் போன வருடத்து அட்டவணையின் ஜெராக்ஸும் வந்திருக்கும். இந்தப் பொறுப்புக்கு நமக்குக் கிடைக்கும் பயிற்சி அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. முதல் வாரம் முழுக்க எக்செல்லில் கலர் கலராக அட்டவணை போட்டேன். இரண்டாம் வாரம் செமினாருக்குப் போனால் அறையில் நான்கே பேர். ஒருவர் எமர்ஜென்சி தியேட்டரில், இருவர் ஐ.சி.யூ.வில், நைட் டியூட்டி முடித்த இருவர் ஹாஸ்டலில் நல்ல தூக்கத்தில். அட்டவணையில் ஒரு தப்பும் இல்லை. ஆட்கள்தான் இல்லை.

மற்ற துறைகளில் வார்டை ஒரு மணி நேரம் ஹவுஸ் சர்ஜனிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வந்துவிடலாம். மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் தலைமாட்டிலிருந்து ஒரு நிமிடம்கூட நகர முடியாது. அதனால் நம் துறையில் இந்தப் பொறுப்பில் பாதி, யாரை எப்போது தியேட்டரிலிருந்து விடுவிப்பது என்ற கணக்குதான். பாடம் அதற்கு அப்புறம்தான். எம்.டி. மூன்று வருடப் படிப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். எம்.டி.க்கு இணையான டி.என்.பி. படிப்பை நடத்துபவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: தலைகளை எண்ணுங்கள்

அட்டவணையைத் தொடாதீர்கள். முதலில் ஒரு தாளில் மூன்று வருடத்து மாணவர்களின் பெயர்களையும் எழுதி, இந்த மாதம் யார் எங்கே என்று பக்கத்தில் குறியுங்கள்: தியேட்டர், லேபர் தியேட்டர், ஐ.சி.யூ., வலி சிகிச்சைப் பிரிவு, வெளி போஸ்டிங். மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒவ்வொரு மாணவரும் மூன்று மாதம் போயாக வேண்டும். 2021 பேட்சிலிருந்து இது கட்டாயம். மூன்றாவது, நான்காவது அல்லது ஐந்தாவது செமஸ்டரில் பகுதி பகுதியாகப் போவார்கள் என்பதால், வருடத்தில் பல மாதங்கள் உங்கள் வகுப்பில் சிலர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு முக்கியமான தலைப்பை மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை வைத்தால் யாரோ ஒருவர் அதைத் தவறவிடுவது நிச்சயம். பெரிய தலைப்புகள் இரண்டு முறை வரட்டும்.

இரண்டாம் படி: நேரத்தைப் பிடியுங்கள்

இதுதான் கஷ்டமான படி, இங்கே அவசரப்படாதீர்கள்.

மதியம் மூன்று மணி பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் இழுத்துக்கொண்டே போகும், கடைசி கேஸ் நாலரைக்கு முடியும், வகுப்பு "நாளைக்குப் பார்ப்போம்" ஆகிவிடும். காலை ஏழே கால் முதல் எட்டு வரை என்றால் எல்லோரும் எப்படியும் மருத்துவமனைக்கு வரும் நேரம்தான். அதில் ஒரு சிக்கல், மெஷின் செக் செய்வதும் மருந்து ஏற்றி வைப்பதும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த வழி இது: வாரத்தில் இரண்டு நாள் காலை முக்கால் மணி நேர வகுப்பு, அந்த இரண்டு நாளும் முதல் கேஸ் ஒன்பது மணிக்கு. இதை வாய்வார்த்தையாக வைக்காமல் டீன் கையெழுத்துடன் சுற்றறிக்கையாக எல்லா அறுவை சிகிச்சைத் துறைகளுக்கும் அனுப்ப வேண்டும். சர்ஜன்கள் முதல் மாதம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மூன்றாவதாக மதியம் ஒரு வகுப்பு வேண்டுமென்றால், அந்த நேரத்தில் அசிஸ்டெண்ட் புரொஃபசர்கள் மயக்க மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். சக ஆசிரியர்களிடம் இதைக் கேட்பது சங்கடம்தான். நான் முதல் வாரம் என் பெயரையே முதலில் போட்டேன். அதற்குப் பிறகு கேட்பது கொஞ்சம் சுலபமானது.

இன்னொன்று. இரவு முழுக்கக் கேஸ் பார்த்தவரை வருகைப் பதிவுக்காக வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். பின்வரிசையில் தூங்குபவர் ரிஜிஸ்டரில் மட்டும்தான் வந்திருக்கிறார். அவரைத் தூங்க அனுப்பிவிட்டு, தவறிய தலைப்பைத் தனி நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதி வையுங்கள். அந்த நோட்டு பின்னால் உதவும்.

மூன்றாம் படி: வரைபடம் போடுங்கள்

எம்.டி. தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்: அடிப்படை அறிவியல், மற்ற நோய்களோடு வரும் நோயாளிக்கு மயக்கம், அறுவை சிகிச்சைப் பிரிவுகள் வாரியாக மயக்கம், அப்புறம் ஐ.சி.யூ., வலி சிகிச்சை, புதிய முன்னேற்றங்கள். தலைப்புகளை இந்த நான்கு பெட்டிகளில் பிரித்துப் போட்டால் மூன்று வருட வரைபடம் ஒரே மாலையில் தயாராகிவிடும்.

ஃபர்ஸ்ட் இயரின் முதல் எட்டு வாரத்தை மட்டும் இந்த வரிசைக்கு வெளியே வையுங்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயம் மயக்கவியலின் வரலாறாக இருக்கலாம். மோர்ட்டன் 1846-இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்த கதையை அக்டோபர் 16 மயக்கவியல் தினத்தன்று கேட்டுக்கொள்ளலாம். முதல் நைட் டியூட்டியில் அந்தப் பிள்ளைக்கு எது தெரியாவிட்டால் ஆபத்தோ அதுதான் முதல் பாடம்.

எங்கள் எட்டு வார வரிசையில் மெஷின் செக், ஆக்சிஜன் சப்ளை, ஏர்வே (மூச்சுப்பாதை) பரிசோதனை, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட முடியாவிட்டால் அடுத்து என்ன, மானிட்டர், அவசர மருந்துகளின் அளவு, ஸ்பைனலுக்குப் (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது) பின் பி.பி. இறங்குவது, லோக்கல் மயக்க மருந்து நஞ்சாவது ஆகியவை இருந்தன. ஒவ்வொரு வகுப்பும் அறைக்கு வெளியே முடியும். தப்பான சிலிண்டரை மெஷினில் மாட்டிவிடாதபடி ஒவ்வொரு வாயுவுக்கும் ஊசிமுனைகள் (pin) வேறு வேறு இடத்தில் இருக்கும்; சிலிண்டர் வகுப்பில் ஆக்சிஜனுக்கு அந்த எண் 2, 5, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். தியேட்டருக்குக் கூட்டிப்போய், "ரெண்டு வாஷர் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டால்தான், அந்தப் பாதுகாப்பையும் ஏமாற்றிவிட முடியும் என்பது புரியும். அதேபோல லோக்கல் நஞ்சுக்கு மாற்றாக 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்), கிலோவுக்கு 1.5 மில்லி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, "சரி, அந்த பாட்டில் எங்கே இருக்கு? போய் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புங்கள். முதல் முறை எங்கள் பேட்ச் அதை எடுத்துவர பதினோரு நிமிடம் ஆனது. அலமாரிச் சாவி யாரிடம் என்றே யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் படி: வகுப்பை நடத்தும் விதம்

செமினாரில் எல்லோரும் செய்யும் தப்பு ஸ்லைடு. அறுபது ஸ்லைடு, எல்லாம் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது, படிப்பவர் திரையைப் பார்த்து வாசிக்கிறார், கேட்பவர்கள் போனைப் பார்க்கிறார்கள். ஒருமுறை கேப்னோகிராஃபி (வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளந்து வளைவாகக் காட்டுவது) பற்றி இப்படி ஒரு செமினார் நடந்தது. நான்கு கட்டங்கள், 35 முதல் 45 மி.மீ. பாதரசம் என்ற இயல்பு அளவு, எல்லாம் அழகாகச் சொன்னார் அந்த மாணவி. முடிந்ததும் கரும்பலகையில் மேலேறும் கோடு சரிவாக இருக்கும் ஒரு வளைவை வரைந்து, இது என்ன என்று கேட்டேன். "நார்மல் சார்." மூச்சுக்குழாய் இறுகிய நோயாளியின் வளைவு அது. தப்பு அவருடையது இல்லை, வகுப்பு அவரை எதையும் யோசிக்க வைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் விதி: பதினைந்து ஸ்லைடுக்கு மேல் கிடையாது, பாதி நேரம் பலகைக்கு, வளைவுகளையும் சர்க்யூட்டுகளையும் கையால்தான் வரைய வேண்டும்.

கேஸ் டிஸ்கஷன்தான் உண்மையான வகுப்பு என்பது என் கட்சி. மூன்று வருடத்தாரையும் ஒரே கேஸில் இழுக்கலாம். உதாரணத்துக்கு, நம் ஊர் தேர்வுகளுக்கு மிகவும் பிடித்த கேஸ்: வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய கர்ப்பிணி, சிசேரியனுக்கு வருகிறார். ஃபர்ஸ்ட் இயர் மாணவர் நோய் வரலாறும் பரிசோதனையும் சொல்லட்டும். செகண்ட் இயர், இதயத் துடிப்பை ஏன் வேகமாக விடக்கூடாது என்று விளக்கி, ஸ்பைனலா, எபிடியூரலா (முதுகில் மெல்லிய குழாய் வழியே மருந்து), ஜி.ஏ.வா (முழு மயக்கம்) என்று முடிவெடுக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் ஒரு மறுப்பைச் சொல்லுங்கள். குழந்தை வெளியே வந்த அடுத்த நிமிடங்களில் கருப்பையிலிருந்து ரத்தம் திரும்பி நுரையீரலில் நீர் கோத்தால் என்ன செய்வது என்பது ஃபைனல் இயருக்கான கேள்வி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஃபைனல் இயர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

ஜர்னல் கிளப்புக்குப் புதிய கட்டுரைதான் வேண்டும் என்றில்லை. ஆரம்பத்தில் பாய்ஸ் (POISE) ஆய்வை எடுங்கள். 2008-இல் வெளியானது, 8351 நோயாளிகள், இதயம் அல்லாத அறுவை சிகிச்சைக்கு முன் இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரொலால் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறைந்தது. பக்கவாதமும் மரணமும் கூடின. "அப்போ மருந்து நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் உட்கார்ந்தால் போதும், அரை மணி நேரம் தானே ஓடும். அடுத்த மாதம் ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் யோஷிடாகா ஃபுஜியின் கதையைச் சொல்லுங்கள். வாந்தி தடுக்கும் மருந்துகள் பற்றி அவர் எழுதிய முடிவுகள் நம்ப முடியாத அளவு சீராக இருப்பதாக 2000-லேயே ஒரு கடிதம் வந்தது. ஜப்பான் மயக்கவியல் சங்கம் விசாரித்து, 212 கட்டுரைகளில் 172 இட்டுக்கட்டியவை என்று அறிவித்தது 2012-இல். ஒரு கட்டுரையின் முதல் அட்டவணையில் இருக்கும் நோயாளிகளின் வயதையும் எடையையும் மாணவர்கள் ஒழுங்காகப் படிக்க ஆரம்பிப்பது இந்தக் கதைக்கு அப்புறம்தான்.

தவறு நடந்த கேஸ்களைப் பேசும் கூட்டம் பற்றி ஒன்றே ஒன்று: அன்று டியூட்டியில் இருந்த மாணவரையே எழுப்பி நிற்க வைத்துப் பேச வைக்காதீர்கள். நான் படித்த காலத்தில் அப்படி நின்றிருக்கிறேன். அந்த கேஸிலிருந்து கற்றுக்கொண்டது எதுவும் இன்று நினைவில்லை, அறையின் நிசப்தம் மட்டும் இருக்கிறது. சம்பந்தப்படாத ஒருவர் பெயர்களை நீக்கி கேஸைச் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: ஆசிரியர்களைச் சமாளித்தல்

அட்டவணையில் பெயர் இருப்பதால் மாடரேட்டர் (வகுப்பை வழிநடத்தும் ஆசிரியர்) வந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். இரண்டு நாள் முன்பு போன் செய்யுங்கள், வாட்ஸப் போதாது. வகுப்பு எடுக்கும் மாணவர் அதற்கு முன் அவரை ஒருமுறை பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

மூன்றாவது ஸ்லைடிலேயே குறுக்கிட்டு மீதி நேரத்தையும் தானே பேசிவிடும் மூத்த பேராசிரியர் எல்லாத் துறையிலும் ஒருவராவது இருப்பார். அவரிடம் வகுப்பில் எதுவும் சொல்லிப் பயனில்லை. முந்தின நாள் டீ குடிக்கும்போது, "சார், நீங்க கடைசி பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும், நீங்க பேசின பிறகு வேற யாரும் பேசறதில்ல" என்று சொல்லிப் பாருங்கள். என் விஷயத்தில் வேலை செய்தது. முழுக்க இல்லை, ஆனால் செய்தது.

ஆறாம் படி: காகிதம்

தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். வருகைப் பதிவு, தலைப்பு, மாடரேட்டர் கையெழுத்து எல்லாம் அன்றன்றைக்கே முடியட்டும். மாணவர்களின் பயிற்சிக் குறிப்பேடான லாக்புக்கில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டால், ஆய்வுக்கு வருபவர்கள் மையின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏழாம் படி: ஏறியதா என்று பாருங்கள்

மாதம் ஒருமுறை பத்துக் கேள்வி, பத்து நிமிடம், மதிப்பெண் யாருக்கும் காட்டப்படாது. அதில் மூன்று கேள்விகள் மூன்று மாதத்துக்கு முந்தைய வகுப்பிலிருந்து வரட்டும். பாதிப் பேர் மறந்திருந்தால் அந்தத் தலைப்பு மறுபடி அட்டவணைக்குள் வருகிறது. ஃபைனல் இயருக்கு இத்தோடு கையால் எழுதும் பழக்கமும் வேண்டும். மூன்று மணி நேரம் பேனா பிடித்துப் பல மாதம் ஆகியிருக்கும், தேர்வில் விரல் வலிக்கிறது என்று வந்து சொல்பவர்கள் உண்டு. கடைசி ஆறு மாதத்தில் மாதம் ஒரு முழுத் தாள் எழுத வையுங்கள்.

அப்புறம் அந்தத் தவறிய தலைப்புகள் நோட்டு. மாதக் கடைசி சனிக்கிழமை அதைத் திறந்து, ஒரே தலைப்பைத் தவறவிட்ட மூன்று நான்கு பேரைச் சேர்த்து காபி கடையிலோ ரிகவரி அறையின் மூலையிலோ இருபது நிமிடம் உட்காருங்கள். ஸ்லைடு வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். பெயருக்கு நேரே கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த மாத டியூட்டி பட்டியலை வாங்கி மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.