படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே பிராசஸரா? வாங்கும் முன் இதைப் பாருங்கள்

படத்தின் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் ஹோம் தியேட்டர் பிராசஸர் வாங்கப் போனால் எத்தனை சேனல் என்றுதான் முதலில் கேட்கிறோம். ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்பவர்கள் கேட்க வேண்டியது வேறு: அனலாக் இன்புட்டில் வரும் ஒலியை அது என்ன செய்கிறது?

பெரும்பாலானவை அதை டிஜிட்டலாக்கி, அறைக்கேற்பத் திருத்தி, மறுபடி அனலாக் ஆக்கும். நல்ல விலை கொடுத்து வாங்கிய தனி டாக்கின் (DAC; டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கருவி) உழைப்பு அங்கேயே வீண். ‘டைரக்ட்’ மோடு இதைத் தவிர்க்கும்; ஆனால் பல மாடல்களில் பேஸ் மேனேஜ்மென்ட்டும் (தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்பும் வேலை) கூடவே போய்விடும். சப்வூஃபர் ஊமையாகி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதும் சின்ன ஸ்பீக்கர் தலையில் விழும். மிருதங்கத்தின் தொப்பி திடீரென மெலிந்து கேட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பாட்டுதான் முக்கியம் என்றால் பிராசஸரில் பணத்தைக் கொட்டாமல் ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சேர்ப்பதே மேல். முன் ஸ்பீக்கர் இரண்டும் அதில். பிராசஸரின் ப்ரீ-அவுட்டிலிருந்து (வெளி ஆம்புக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) ஆர்சிஏ கேபிள், ஆம்பின் ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ இன்புட்டுக்கு. பாட்டுக்கான கருவியை ஆம்பின் வேறு இன்புட்டில் நேரே இணைத்தால், பாட்டுக் கேட்கையில் பிராசஸரை அணைத்தே வைக்கலாம். பைபாஸில் ஆம்பின் வால்யூம் வேலை செய்யாது. மறந்தும் சிடி பிளேயரை அதில் செருகாதீர்கள்; ஒலி முழு வேகத்தில் பாயும், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் பகுதி) எரிந்தும் போகலாம்.

பைபாஸ் இல்லையா? சாதாரண ஆக்ஸ் இன்புட் போதும். ஆம்பின் வால்யூம் குமிழை 12 மணி நிலையில் நிறுத்தி, ஒரு துளி நெயில் பாலிஷால் அடையாளமிட்டு, குமிழ் அதே நிலையில் இருக்க, மைக் வைத்து பிராசஸரின் கேலிப்ரேஷன் (ஸ்பீக்கர்களின் ஒலி அளவைச் சமன்செய்யும் சோதனை) ஓட்டுங்கள். பிறகு குமிழைக் கூடுதலாகத் திருப்பினால் முன் ஸ்பீக்கர்கள் வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை மிஞ்சும், வசனம் அமுங்கிவிடும்.