எஃப்எஸ்எக்ஸா, 2020-ஆ, 2024-ஆ: எதை வாங்கலாம்?

ஃப்ளைட் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு, வாங்க நினைப்பவர் முதலில் யூடியூபில் நாலு வீடியோ பார்ப்பார், மேகமும் மலையும் கண்ணைப் பறிக்கும், இருப்பதிலேயே புதுசை வாங்கிவிடுவார். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒரு மழை நாள் ராத்திரி ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரக் ரன்வேயை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் ஆல்ப்ஸ் மலை, நடுவில் ஆற்றுப் பள்ளத்தாக்கு, கை வியர்க்கிறது. அந்த நேரம் பார்த்து வீட்டு நெட் படுத்துவிட்டது. கீழே தெளிவாகத் தெரிந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்த களிமண் மாதிரி ஆனது. அதனால்தான் யார் கேட்டாலும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம், உங்கள் நெட் எப்படி என்று முதலில் கேட்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இன்று ஆட்கள் தடுமாறுவது மூன்றுக்கு நடுவில்: 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் (ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்), ஆகஸ்ட் 2020-இல் வந்தது, நவம்பர் 2024-இல் வந்தது.

எஃப்எஸ்எக்ஸுக்கு நெட்டே வேண்டாம். உலகம் முழுவதும் உங்கள் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், 2014-இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் வந்த பதிப்பு புது விண்டோஸிலும் பெரிய வம்பு செய்யாது. ஆனால் தரை என்பது ஒரே வயல், ஒரே வீடு திரும்பத் திரும்ப ஒட்டிய படம்தான், உங்கள் ஊருக்கு மேலே பறந்தால் அது உங்கள் ஊர் என்று மேப் சொன்னால்தான் தெரியும். இன்னொன்று, அது 32 பிட் மென்பொருள். உங்கள் கம்ப்யூட்டரில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் அது 4 ஜிபிக்கு மேல் தொடாது. பெரிய ஜெட் ஒன்று, கனமான சீனரி ஒன்று என்று தனியாக வாங்கிச் சேர்க்கும் ஆட்-ஆன்களை அடுக்கி ஆறு மணி நேரம் பறந்துவிட்டு, இறங்கப்போகும் நேரத்தில் மெமரி தீர்ந்து மொத்தமும் மூடிக்கொண்ட கதையைப் பழைய ஆட்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். பெரும்பாலான வேலையைப் பிராசசரின் ஒரே கோரில் செய்வதால் புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் அது பெரிதாக வேகம் எடுக்காது. என்னைக் கேட்டால், கையில் பழைய லேப்டாப் மட்டும் இருக்கிறவரும், ஏற்கெனவே பழைய ஆட்-ஆன்களைச் சேர்த்து வைத்திருப்பவரும்தான் இன்று இதை நினைக்க வேண்டும்.

2020 பதிப்பு வேறு மாதிரி. பிரான்ஸின் போர்டோவில் உள்ள அசோபோ ஸ்டூடியோ செய்தது, பிங் மேப்ஸின் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தைக் கட்டுகிறது, அதனால் சாலையும் ஏரியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இதற்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், 150 ஜிபி இடம், 5 எம்பிபிஎஸ் நெட் என்று சொல்லியிருக்கிறார்கள், நிம்மதியாகப் பறக்க ரேமை 16 ஆக்கிக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டியும் வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது ஆப்ஷன்ஸில் இருக்கும் டேட்டா பக்கம். அங்கே பிங் படங்களை அணைக்கலாம், இவ்வளவு ஜிபிக்கு மேல் இழுக்காதே என்று வரம்பு போடலாம், அடிக்கடி பறக்கும் ஒரு பகுதியை மட்டும் மேப்பில் குறித்து முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெட் போனாலும் விமானம் உங்கள் டிஸ்கில் இருக்கிறது, தரை மங்கும், அவ்வளவுதான்.

2024-இல் விஷயம் தலைகீழ். டிஸ்கில் 50 ஜிபி போதும் என்றதும் பலர் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் மிச்சம் எல்லாம் நெட் வழியாகத்தான் வந்துகொண்டே இருக்கும். வெளியான அன்று கூட்டம் தாங்காமல் சர்வர் திணறி, செய்தவர்களே வீடியோவில் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், 16 ஜிபி ரேம், பரிந்துரை 50 எம்பிபிஎஸ், 32 ஜிபி. ஒரு கணக்குப் போடுங்கள்: 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இழுத்தால் மணிக்கு 4.5 ஜிபி. எப்போதும் அப்படி இழுக்காது, சரி, ஆனாலும் தினம் 2 ஜிபி தரும் போன் பேக்கை நம்பி இதை வாங்காதீர்கள்.

நல்ல பிராட்பேண்ட் இருந்தால் 2024 தரும் சுகமே தனி. இறங்கி விமானத்தைச் சுற்றி நடக்கலாம், இறக்கையின் கீழே, வேகம் அளக்க உதவும் பிடோ குழாய்க்குப் போட்ட உறையைக் கையால் கழற்றலாம், சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுக்கலாம். விமானி வேலையில் படிப்படியாக முன்னேறும் கேரியர் மோடில் லைசென்ஸ் தேர்விலிருந்து தொடங்கிக் காட்டுத்தீ அணைக்கும் வேலை வரை போகலாம். எங்கே போவது என்று தெரியாமல் சும்மா வானத்தைச் சுற்றிச் சலித்துப்போகிறவருக்கு இது ஒரு பிடி கொடுக்கும். ஏ320, 737 என்று பயணிகள் ஜெட்களை விமானியின் செக்லிஸ்ட்டோடு ஓட்டுவதுதான் ஆசை என்றால் 2020-ஏ தாராளம், ஃப்ளைபைவயர் என்ற ஆர்வலர் குழுவின் இலவச ஏ320 ஆட்-ஆன் ஒன்றே மாதக்கணக்கில் படிக்க வைக்கும்.

ஆட்-ஆன் செலவையும் மறக்காதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் பொழுதுபோக்குக்கே சொன்ன மாதிரி இருக்கும். 2020-க்கு வாங்கியதில் பெரும்பகுதி 2024-இலும் வேலை செய்யும், எஃப்எஸ்எக்ஸுக்கு வாங்கியதை அப்படிக் கொண்டுபோக முடியும் என்று நம்பாதீர்கள். ஆகவே இன்று தொடங்குகிறவர், நெட் சுமாராக இருந்தால், 2020-இல் ஏறுவது நஷ்டமில்லை.

முடிந்தால் மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தாவான கேம் பாஸை ஒரு மாதம் எடுத்து ஓட்டிப் பாருங்கள், பட்டியலில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று காசு கட்டும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்டீமில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அங்கே 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் 2020 பதிப்பில் முதலில் இறங்குவது சின்னத் துண்டுதான், மிச்ச 100 ஜிபி சொச்சமும் விளையாட்டைத் திறந்த பிறகு அதற்குள்ளேயே இறங்கும், அந்த நேரமும் விளையாடிய நேரமாகக் கணக்காகிவிடும். 40 எம்பிபிஎஸ் லைனில் அது ஐந்தரை மணி நேர வேலை. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் நீங்கள் காக்பிட்டையே பார்த்திருக்க மாட்டீர்கள், பணம் திரும்பக் கேட்கும் நேரம் மட்டும் முடிந்திருக்கும்.