அமெரிக்கப் படைவீரரை மணந்த கொழும்புப் பெண்ணுக்கு: டீர்ஸ் பதிவுக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் முறை

என் தங்கையின் கணவர் அமெரிக்கத் தரைப்படையைச் சேர்ந்தவர். ஜெர்மனியின் கைசர்ஸ்லௌடர்ன் பகுதியில் பணியாற்றுகிறார். வெள்ளவத்தையில் திருமணம் முடிந்தபின், அவளுக்குரிய பத்திரங்களை இங்கிருந்து ஒழுங்குசெய்தவள் நான். பிரதேச செயலகத்தில் சான்றிதழ்ப் பிரதிக்கு விண்ணப்பிக்கும் முறை எல்லோரும் அறிந்தது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

டீர்ஸ் என்பது அமெரிக்கப் படையினரும் அவர்களது குடும்பத்தினரும் பதியப்படும் தரவுத்தளம். அதில் பெயர் ஏறும்வரை ட்ரைகேர் மருத்துவக் காப்பீடும் இல்லை, குடும்ப அடையாள அட்டையும் இல்லை. மனைவி தானாகப் போய்ப் பதிந்துகொள்ள முடியாது. கணவரே டிடி 1172-2 என்ற படிவத்தில் ஒப்பமிட்டு அவளைச் சேர்க்க வேண்டும்.

முதலில் விவாகப் பதிவுச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டிய நாளும் எழுத்து, அதாவது சட்டப்படியான விவாகப் பதிவு, நடந்த நாளும் நம்மவர்களிடையே பெரும்பாலும் வேறுபடும். படைப்பிரிவுக்குக் கணவர் கொடுக்கும் திகதி, எழுத்து நடந்த திகதியாகவே இருக்க வேண்டும். கொடுப்பனவுகளும் காப்பீடும் அந்தத் திகதியை வைத்தே கணக்கிடப்படுகின்றன. கலியாண அழைப்பிதழில் உள்ள நாளை அவர் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தால், உடனே திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். லோகநாதன் மகள் தர்ஷினி என்று ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவளுடைய பெயர்க் கூட்டில் ‘தர்ஷினி’ மட்டுமே இருக்கும். தகப்பன் பெயர் வேறு கூட்டில் இருக்கும். கடவுச்சீட்டிலோ தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அமெரிக்க அதிகாரிக்கு இவை இரு வேறு ஆட்களின் பத்திரங்களாகத் தோன்றலாம். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ‘ஷி’க்கு ‘எச்’ சேர்ப்பார், மற்றவர் விட்டுவிடுவார். ஆகவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது அவளுடைய கடவுச்சீட்டின் பிரதியையும் கணவருடையதன் பிரதியையும் கையில் கொடுத்து, மகளின் பெயர், தகப்பன் பெயர், கணவர் பெயர் மூன்றையும் அவற்றில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதக் கேளுங்கள். முத்திரை குத்துவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள். இரு பெயருக்கும் உரியவள் ஒருத்தியே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசியும் ஆங்கிலத்தில் முடித்து வைப்பது நல்லது.

கணவர் பெயரைச் சேர்த்துப் புதிய கடவுச்சீட்டு எடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இருப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் செல்லுபடிக் காலம் இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்றத்தான் வேண்டுமென்றால் டீர்ஸ் பதிவுக்கு முன்னரே மாற்றுங்கள். பின்னர் மாற்றினால் எல்லாப் பதிவையும் மீண்டும் திருத்த வேண்டிவரும்.

இனி உறுதிப்படுத்தல், அதாவது பத்திரங்கள் உண்மையானவை என்று அமைச்சு முத்திரையிடுவது. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ளது. குடிவரவு திணைக்களமும் அதே கட்டடம் என்பதால் இரு வேலைகளையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். வடக்கில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. டீர்ஸ் அலுவலகம் இந்த முத்திரையைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பிற்காலத்தில் அமெரிக்க விசா வேலைகளுக்கும் பயன்படும் என்பதால், செய்துகொண்டு போவதே என் கட்சி. சான்றிதழை லமினேட் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரையும் பிடிக்காது, ஒப்பமும் நிற்காது. லமினேட் செய்த பழைய பிரதி இருந்தால் அதை அலுமாரியில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்.

ஸ்கேன் எடுப்பதற்குத் தொலைபேசிச் செயலிகளை நான் விரும்புவதில்லை. அவை வெளிச்சத்தைச் சரிசெய்கிறோம் என்று ஊதா முத்திரையை வெளிறச் செய்துவிடுகின்றன. காலி வீதியில் உள்ள ஏதாவதொரு கொம்யூனிகேஷன் கடையில், கண்ணாடித் தட்டு ஸ்கேனரில், நிறத்துடன் 300 டிபிஐயில் எடுத்துப் பிடிஎஃப் ஆக்குங்கள். முத்திரைகள் பின்பக்கத்திலும் விழும் என்பதால் இரு பக்கமும் வேண்டும்.

ஜெர்மனியில் டீர்ஸ் பதிவு நடக்கும் அடையாள அட்டை அலுவலகத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து, மூலப் பத்திரங்களுடன் போனால் வேலை சுலபம். அவர் பயிற்சிக்குப் போயிருந்தால், தமது படை அட்டையைக் கொண்டு இணையத்திலேயே படிவத்தில் முன்கூட்டி ஒப்பமிடலாம். ஒரு நாட்டின் படையினர் மற்றொரு நாட்டில் தங்குவது பற்றி நேட்டோ நாடுகள் 1951இல் செய்த படைநிலை ஒப்பந்தத்தின்படி பெறும் சான்று தனி வேலை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகிறவர்கள், நுழைவு விசா பற்றிப் படைப்பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கிய பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர், மகளுக்கு அங்கே குழந்தை பிறந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். குழந்தையையும் தனியாக டீர்ஸில் பதிய வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பிறந்த நாளிலிருந்து 120 நாள் அவகாசம் உண்டு. வீடு மாறினால் முகவரியை அமெரிக்கப் படைத்துறையின் மில்கனெக்ட் இணையத்தளத்தில் தாங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு அலுவலகம் போகத் தேவையில்லை.