ஜாவாக்காரரிடம் மரியாதையாகப் பேசுவது எப்படி? மலாய் தெரிந்த தமிழருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளர்களோடு பழகுகிறவர்களுக்கு மலாய் ஒரு வசதி. காலை வாரிவிடுவதும் அதே மலாய்தான்.

'புத்துஹ்' நமக்குக் கெட்ட வார்த்தை, அவர்களுக்குத் 'தேவை'. கையுறை கேட்டு 'சயா புத்துஹ் சாருங் தாங்ஙான்' என்றால் சிரிக்காமல் எடுத்துக் கொடுங்கள். டிராக்டர் ஓட்டுபவரை இடப்பக்கம் திரும்பச் சொல்ல 'பூசிங் கிரி' என்காதீர்கள், இந்தோனேசிய மொழியில் 'பூசிங்' என்றால் தலைசுற்றல். 'பெலோக் கிரி' என்று சொல்லுங்கள். சாப்பாடு இலவசம் என்பதற்கு 'கிராத்திஸ்'. 'பெர்ச்சுமா' என்றால் 'வீண்' என்றே முதலில் காதில் விழும்.

ஜாவா மொழி வேறு கதை. தமிழில் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டீங்களா' என்று விகுதியே மரியாதையைக் காட்டிவிடும். ஜாவா வினைக்கு அப்படி விகுதி கிடையாது, சொல்லையே மாற்ற வேண்டும். கூட்டாளியிடம் 'கோவே விஸ் மாஙான்?' பெரியவரிடம் 'பஞ்ஜெனெஙான் சம்புன் டஹர்?' மூன்று சொல்லும் மாறிவிட்டன, பாருங்கள். நம்மவர்கள் 'நீ'யை மட்டும் 'நீங்க' ஆக்கிவிட்டு 'மாஙான்' என்பதை அப்படியே விடுகிறார்கள். 'நீங்க தின்னாச்சா' என்பது போல இருக்கும்.

பதில் சொல்லும்போது இன்னொரு பொறி. 'டஹர்' பிறரை உயர்த்தும் சொல், தனக்கு ஆகாது. 'நான் சாப்பிட்டேன்' என்பதற்குக் 'குலொ சம்புன் நெடொ' என்றுதான் வர வேண்டும். தூங்குவதற்கும் இதே கணக்கு: கூட்டாளிக்குத் 'துரு', பெரியவருக்குச் 'சாரே', பணிவோடு உங்களைச் சொல்ல 'திலெம்'.

உச்சரிப்பில் நமக்குக் கொடுப்பினை உண்டு. 'வெதி' பயம், 'வெடி' மணல். த, ட வேறுபாடு நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தில் 'குல' என்று பார்ப்பதைக் 'குலொ' என்று முடிப்பதற்குத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

மறுப்புக்கு மெனக்கெட வேண்டாம்: மலாயில் 'புக்கான்' (அல்ல) வரும் இடத்தில் 'துது', 'தீடாக்' (இல்லை) வரும் இடத்தில் 'ஒரா'. இவை கூட்டாளிப் பேச்சு. பெரியவரிடம் 'சனெஸ்', 'ம்போத்தென்'.

எந்த மரியாதைப் படியில் பேசுவது என்று குழப்பமா? இந்தோனேசியத்துக்கு மாறி, வயதுக்கேற்ப 'பாக்' (பெரியவர்), 'மாஸ்' (இளைஞர்), 'இபு' (பெரிய பெண்மணி), 'ம்பாக்' (இளம்பெண்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாக்காரர்களே அப்படித்தான் சமாளிப்பார்கள்.