மாநாடு நடத்தித் தருவீர்களா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்பது எப்படி

ஒரு பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் 14 வருடம் தபால் பிரித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, வவுனியா குருமன்காட்டில் வீட்டு முன்விறாந்தையில் இருந்துகொண்டு ஒரு சின்ன ஆய்வாளர் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு ஆய்வு மாநாடு, ஒவ்வொரு முறையும் வேறொரு பல்கலைக்கழகத்தில். "இந்த முறை உங்கள் இடத்தில் வைக்கலாமா" என்று கேட்டு எழுதுவது என் அலுவல்.

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து ஒரு இளம் விரிவுரையாளர் போன் எடுத்தார். தங்கள் சங்கத்துக்கும் இப்படி ஒரு அழைப்பு எழுதவேண்டுமாம். "மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தால் அனுப்புங்கோ அண்ணை" என்றார். அனுப்பினால் பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் தட்டிவிடுவார், எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். "பாரம்பரியமிக்க தங்கள் உயர்கல்வி நிறுவனத்தின்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். ஒன்பது இடத்துக்குப் போனது; இரண்டு பதில் வந்தது. ஒன்றில் கடிதம் கிடைத்ததாக எழுதியிருந்தார்கள். மற்றதில் இரண்டே கேள்வி: எத்தனை பேர் வருவார்கள், செலவு யாருடையது? ஒன்றரைப் பக்கத்தில் அந்த இரண்டையும் நான் எழுதவே இல்லை.

சரி, யாருக்கு எழுதுவது? துணைவேந்தருக்குத்தான். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி நிர்வாகத்துக்கும் கணக்குக்கும் பொறுப்பாளி அவர். அவர் தலையசைக்காமல் மண்டபத் திறப்பு கைக்கு வராது. ஆனால் அவருக்கு மட்டும் எழுதினால் என்ன நடக்கும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து பதிவாளர், பதிவாளரிடமிருந்து பீடாதிபதி, அவரிடமிருந்து துறைத்தலைவர். ஓரத்தில் மூன்று சிறு கையொப்பம், ஒரு றப்பர் முத்திரை, "கருத்துக்காக" என்று ஒரு சொல். துறைக்கு வந்து சேரும்போது நீங்கள் கேட்ட திகதி கடந்திருக்கும். துறைத்தலைவருக்கும் அது எங்கிருந்தோ வந்து விழுந்த வேலையாகத் தெரியும். கோப்புக்குள் போட்டுவிடுவார்.

ஆகவே முதலில் துறையில் ஒருவரைப் பிடியுங்கள். பதவி பெரிதாக இருக்கவேண்டும் என்றில்லை, கதிரை தூக்கவும் வருகிறவராக இருந்தால் போதும். போனில் கதையுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால், துணைவேந்தருக்குக் கடிதம், பீடாதிபதிக்கும் துறைத்தலைவருக்கும் பிரதி, மூன்றும் ஒரே நாளில். துறையில் நீங்கள் பிடித்தவர் அதைப் பீடச்சபை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, பிறகு மூதவைக்கு (செனற்) கொண்டுபோவார். இவை பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம். அவர் ஒரு வரியும் மாற்றாமல் சபையில் வைக்கக்கூடியதாக உங்கள் கடிதம் இருக்கவேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

இந்தக் காத்திருப்புகளையெல்லாம் கூட்டித்தான் 18 மாதம் முந்திக் கேட்கிறேன். 2027 செப்டெம்பர் மாநாட்டுக்கு 2026 மார்ச்சில் கடிதம் போய்விடவேண்டும். பல்கலைக்கழகத்தின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த வருட மதிப்பீட்டில் உங்கள் மாநாடு ஒரு வரியாக ஏறாவிட்டால், பிறகு நிதியாளரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அவருக்கும் வழியில்லை.

இனி காசு. எல்லாரும் கூச்சப்பட்டு எழுதாமல் விடுகிற இடம் இது. ஒரு வருடம், கடைசி இரவுச் சாப்பாட்டை அவர்கள் பொறுப்பு என்று நாங்கள் நினைத்தோம், எங்கள் பொறுப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். இடியப்பமும் சொதியும் 140 பேர் சாப்பிட்டு முடித்த பிறகு, சாப்பாட்டுக்காரர் பில்லோடு வாசலில் நின்றார். எங்கள் பொருளாளர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் கொடுத்தார். அந்தக் காசு திரும்பி வர ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் பொருளாளர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

அதற்குப் பிறகு என் கடிதத்தில் இந்தப் பந்தி தவறாமல் இருக்கிறது:

"ஆய்வுச் சுருக்கங்களைச் சேர்ப்பது, மதிப்பீட்டாளரைத் தேடுவது, நிகழ்ச்சிநிரல், தொகுப்பு அச்சிடுவது, சிறப்புரையாளரின் பயணச் செலவு ஆகியவை எங்களுடையவை. மண்டபம், நான்கு அறைகள், புரொஜெக்டர், ஜெனரேற்றர், மாணவ உதவியாளர்கள் உங்களுடையவை. சாப்பாட்டை நீங்கள் ஒழுங்கு செய்வீர்கள். இரவுச் சாப்பாடு உட்பட முழுவதையும் பதிவுக் கட்டணத்திலிருந்து நாங்கள் கொடுப்போம். கட்டணம் சங்கக் கணக்குக்கு வரும். துண்டு விழுந்தால் சங்கம் பொறுப்பு, மிஞ்சினால் சரிபாதி."

உங்கள் பங்கீடு வேறாக இருக்கலாம். ஆனால் துண்டு விழுந்தால் யார், மிஞ்சினால் யாருக்கு என்ற இரண்டும் கட்டாயம் இருக்கவேண்டும்.

பதிலில் என்ன வேண்டும் என்று கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "உட்கட்டமைப்பு வசதிகளை விபரிக்கவும்" என்று கேட்டால் வர்ணப்படத்தோடு கைநூல் வரும். நான் கேட்பவை இவை: மண்டபத்தில் நிரந்தரக் கதிரை எத்தனை? கரண்ட் போனால் ஜெனரேற்றர் லைன் மண்டபத்துக்கும் வருமா, நிர்வாகக் கட்டடத்துக்கு மட்டுமா? அந்த வாரம் மாணவர் விடுதி காலியா? இரவு ஏழு மணிக்குப் பிறகு நகரத்துக்கு பஸ் உண்டா? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கட்டுரை வந்தால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்களா? பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும், எழுதுகிறவருக்கும் சலிக்காது.

திகதியை அவர்களே சொல்லட்டும், ஆனால் ஆகாத நாட்களை நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்துக்கு வருவதென்றால் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய வாரம் வேண்டாம். அந்த நாட்களில் வன்னியில் மாலை போட்டு விருந்து வைக்க யாருக்கும் மனம் வராது. ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா, மன்னார் றோட்டு முழுக்கச் சனம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை எடுப்பது கடினம். போயா (பௌர்ணமி) நாள் எல்லா மாதமும் உண்டு, அன்று அலுவலகம் பூட்டு. நவம்பர், டிசம்பர் மாரி. மாரியில் தகரக் கூரை மண்டபத்தில் ஆய்வுரை கேட்டிருக்கிறீர்களா? பேசியவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

யாரைக் கேட்பது என்பதில் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு, மறைக்கவில்லை: எங்கள் பக்கத்து இடங்களையும் கேட்கவேண்டும். கொழும்பு, பேராதனை என்று பழகிய முகவரிகளுக்கே எல்லாருடைய கடிதமும் போகும். வவுனியா 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தின் வளாகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. முகவரிப் பட்டியலை ஐந்து வருடமாகத் திருத்தாதவர்களுக்கு இது தெரியாது. சிறிய இடம் தனியாகத் தூக்கமுடியாது என்றால், இரண்டு இடம் சேர்ந்து நடத்தலாம் என்று அழைப்பிலேயே ஒரு வரி எழுதுங்கள். இடம் மாறி மாறிப் போவது புதிதும் அல்ல. உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம் என்றுதான் போனது. அந்த நான்காவதை யாழ்ப்பாணத்தில் வைப்பதா கொழும்பில் வைப்பதா என்பதில் பட்ட இழுபறியை மூத்தவர்கள் இன்னும் கதைப்பார்கள்.

பதில் வந்த பிறகு, முடிவெடுக்க முன், போய்ப் பாருங்கள். பஸ்ஸில் போங்கள், வருகிறவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில்தான் வருவார்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு மண்டபத்துக்குள் நில்லுங்கள், சாப்பிட்ட பிறகு நடக்கும் அமர்வு எப்படி இருக்கும் என்று உடம்பே சொல்லும். நான் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுவேன். சத்தம் திரும்பி வந்தால் ஒலிபெருக்கிக்காரருக்கு வேலை இருக்கிறது. பிறகு சுவரோரம் நடந்து பிளக் எண்ணுவேன். ஒரு இடத்தில் பெரியவர் எனக்குப் பின்னாலேயே கும்பிடுமாப்போல் கை கட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தைக் கூட்டுகிறவர். பீடாதிபதி அங்கால் போனதும் மெல்லச் சொன்னார்: "ஐயா, அந்த மூன்று ஃபேனும் சுற்றாது. பெண்கள் பக்கத்தில் தண்ணி வராது." கைநூலில் அது இல்லை. நாங்கள் அந்த இடத்தைத்தான் எடுத்தோம், இரண்டையும் திருத்தித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு. திரும்பும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

மாநாடு கிடைக்காத இடங்களுக்கும் காரணம் சொல்லிப் பதில் போடுங்கள். அடுத்த வருடமும் அவர்களிடம்தான் கேட்கப் போகிறீர்கள்.

நேற்று அந்த விரிவுரையாளர் தன் கடிதத்தை அனுப்பியிருந்தார். "பாரம்பரியமிக்க" இன்னும் இருந்தது. வெட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன்: "அண்ணை, ஜெனரேற்றருக்கு டீசல் யார் அடிக்கிறதெண்டும் கேட்கட்டோ?"

"கட்டாயம் கேளுங்கோ" என்றேன்.