ஐஸ் ஸ்கேட்டிங்ல அவ குதிச்சது லுட்ஸா ஃப்ளிப்பா? வீட்டுல உக்காந்தே கண்டுபிடிக்கலாம்

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், காத்துல எத்தன சுத்து சுத்துறாங்கன்னு எண்ணாதீங்க. முக்கா செகண்டு கூட இருக்காது, அதுக்குள்ள மூணு சுத்து முடிஞ்சிரும், நம்ம கண்ணுக்கு புடிபடாது. காலப் பாருங்க. கெளம்புறதுக்கு முந்தி எந்தக் கால், எறங்கும்போது பிளேடு எந்தப் பக்கம் பாத்திருக்கு, இந்த ரெண்டும் தெரிஞ்சாலே முக்காவாசி வெளங்கிரும்.

எங்க மதினி புனலூர்க்காரங்க, கல்யாணமாகி செங்கோட்டைக்கு வந்தவங்க. ஒலிம்பிக்ஸ் வந்தா என்கூட உக்காந்து பாப்பாங்க, யாரு குதிச்சாலும் "கொள்ளாம்"தான், அப்புறம் மார்க் வந்ததும் "நல்லாத்தானே சாடுனா, ஏன் கொறச்சுட்டான்?"ன்னு ஒரே சண்டை. அவங்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு இந்த வழி செட்டாச்சு.

குதிப்பு மொத்தம் ஆறு வகை. மொதல்ல ஆக்சலப் புடிச்சுக்கோங்க, ஏன்னா இது ஒண்ணுதான் முன்பக்கம் பாத்து கெளம்புறது, மத்த அஞ்சும் முதுகு காட்டித்தான் கெளம்பும். எறங்குறது எல்லாமே பின்பக்கமாத்தான்ங்கிறதால ஆக்சலுக்கு அரைச் சுத்து கூட வேணும், அதாவது ட்ரிபிள் ஆக்சல்னா மூணரை. 1882ல நார்வேக்காரர் ஆக்சல் பால்சன் போட்டது, அவர் பேரே நின்னுபோச்சு. சால்கோவும் லுட்ஸும் கூட ஆளுங்க பேருதான்.

மிச்ச அஞ்சுல, பிளேடு முனையில இருக்கிற பல்ல ஐஸ்ல குத்தி ஏறுறாங்களா இல்லையான்னு பாருங்க, அதுதான் டோ பிக். குத்தலேன்னா சால்கோ இல்ல லூப். சால்கோல எடதுகால் ஐஸ்ல, வலதுகால் சுத்தி வீசும், லூப்ல நாற்காலில உக்காரப் போறமாதிரி வலதுகால மடக்கி அதுலேயே எழும்புவாங்க. குத்துனா டோ லூப், ஃப்ளிப், லுட்ஸ் இதுல ஒண்ணு. எடதுகால் குத்துனா டோ லூப். வலதுகால் குத்துனா ஃப்ளிப்போ லுட்ஸோ, இங்கதான் எல்லாரும் குழம்புறது. (எதிர்ப்பக்கம் சுத்துற ஆளுங்க கொஞ்சப்பேர் இருக்காங்க, அவங்களுக்கு கால மாத்திப் போட்டுக்கோங்க.)

இதுக்கு எடது கணுக்காலப் பாக்கணும். பிளேடு பெருவிரல் பக்கம் சாஞ்சிருந்தா உள் எட்ஜ், அது ஃப்ளிப். சுண்டுவிரல் பக்கம் சாஞ்சிருந்தா வெளி எட்ஜ், அது லுட்ஸ். லுட்ஸ் ஏன் கஷ்டம்னா அவங்க வர்ற வளைவு ஒரு பக்கம், சுத்த வேண்டியது நேரெதிர்ப் பக்கம். நம்ம புளியரை எஸ் வளைவுல பஸ்சு ஒரு பக்கம் ஒடிச்சு ஏறி அடுத்த நிமிஷமே மறுபக்கம் ஒடிக்குமே, அதேதான், ஆனா இங்க ஒத்தக்கால்ல. அதனால நெறைய பேருக்கு கடைசி நேரத்துல கணுக்கால் உள்பக்கம் சரிஞ்சிரும், லுட்ஸ்னு ஆரம்பிச்சது ஃப்ளிப் எட்ஜ்ல கெளம்பும். டிவில யாரும் கவனிக்க மாட்டாங்க, டெக்னிக்கல் பேனல்னு குதிப்ப சரிபாக்குற குழு ரீப்ளேல புடிச்சு மார்க் ஷீட்ல 'e'ங்கிற எட்ஜ் தப்புக் குறி போட்டிருவாங்க, அடிப்படை மார்க் 80 சதவீதமாயிரும்.

எறங்குறது இன்னும் முக்கியம். யூடியூப்ல வேகத்த 0.25 வச்சு, பிளேடு ஐஸத் தொடுற அந்த ஃப்ரேம்ல நிறுத்துங்க. பிளேடு போற பாதைக்கு குறுக்கால நின்னா கால்வாசி சுத்து பாக்கி, அதுக்கு 'q'ங்கிற குறி, அடிப்படை மார்க் முழுசா கெடைக்கும் ஆனா தரத்துக்கான மார்க்ல கொறப்பாங்க. அதுக்கும் மேல பாக்கி இருந்தா ஒரு கோணக்குறி (<), 80 சதவீதம். அரைச் சுத்தோ அதுக்கு மேலயோ பாக்கின்னா ரெண்டு கோணக்குறி (<<), ஒரு சுத்து கொறஞ்ச குதிப்பாவே எண்ணிருவாங்க. ட்ரிபிள் லுட்ஸுக்கு அடிப்படை மார்க் 5.90, ஒரு கோணம் வந்தா 4.72, ரெண்டு வந்தா டபுள் லுட்ஸ் வெல 2.10 தான். மதினிக்கு "நல்லாத்தானே சாடுனா"வுக்கு பதில் இதுதான்.

இன்னொரு கணக்கு. ட்ரிபிள் ஆக்சல் 8.00, டபுள் ஆக்சல் 3.30. ட்ரிபிள முழுசா சுத்திட்டு விழுந்தா தரத்துல மைனஸ் 5, ஒவ்வொரு மைனசும் பத்து சதவீதம், ஆக பாதி போயி 4.00, விழுந்ததுக்கு 1 கழிச்சா 3.00. சுத்தமா போட்ட டபுளவிட 0.30 தான் கம்மி. கோச்சுங்க ஏன் ரிஸ்க் எடுக்க விடுறாங்கன்னு இப்ப புரியுதா, சுத்து கொறஞ்சாத்தான் அடி பலமா விழும்.

பழைய வீடியோ பாக்கும்போது இந்த அளவுகோல தூக்கிட்டுப் போகாதீங்க. 1920 ஒலிம்பிக்ஸ்ல தெரேசா வெல்ட் ஒரு சிங்கிள் சால்கோ போட்டதுக்கே பொம்பளைக்கு அழகில்லன்னு கண்டிச்சாங்களாம், வெண்கலம் வாங்குனது வேற விஷயம். 1972 ஒலிம்பிக்ஸ்ல பியாட்ரிக்ஸ் ஷூபா ஃப்ரீ ஸ்கேட்டுல, அதாவது பாட்டுக்கு ஆடிக் குதிக்கிற சுற்றுல, ஏழாவது, ஆனா தங்கம், ஏன்னா ஐஸ்ல வட்டம் வட்டமா கோடு இழைக்கிற ஃபிகர்ஸுக்கு அப்ப அவ்வளவு மார்க். 1990க்கு அப்புறம் ஃபிகர்ஸ தூக்குனதும்தான் குதிப்பு ராஜ்ஜியம். அதுக்கு முன்னாடியே 1988ல மிடோரி இட்டோ ட்ரிபிள் ஆக்சல் போட்டாச்சு, 1992 ஒலிம்பிக்ஸ்லயும் போட்டாங்க, அந்த உயரத்த இப்ப இருக்கிற யார்கிட்டயும் நான் பாக்கல. அப்புறம் நாலு சுத்து, அதுதான் குவாட். 2002ல மிக்கி ஆண்டோ குவாட் சால்கோ, 2022 பெய்ஜிங்ல ட்ருசோவா ஒரே ஃப்ரீ ஸ்கேட்டுல அஞ்சு குவாட், அப்பவும் வெள்ளிதான். அந்த வருசமே சீனியர் போட்டிக்கு குறைஞ்சபட்ச வயச 15லேருந்து படிப்படியா 17 ஆக்க முடிவு பண்ணாங்க. எனக்குச் சரின்னுதான் படுது, சின்னப் பிள்ளைங்க எடையக் கொறச்சு சுத்துறத பாக்க சங்கடமா இருந்துச்சு.

பழக ஆரம்பிக்கணும்னா கவோரி சகாமோட்டோவோட டபுள் ஆக்சல எடுத்துக்கோங்க. குவாட்டும் இல்ல, ட்ரிபிள் ஆக்சலும் இல்ல, 2022, 23, 24னு மூணு வருசம் வரிசையா உலக சாம்பியன். வேகம் கொஞ்சமும் செத்துப்போகாம எறங்கி ஓடுவாங்க, சுத்தமான எட்ஜ்னா எப்படி இருக்கும்னு கண்ணுல பதிஞ்சிரும். அப்புறம் ஒண்ணுல எறங்குன ஒடனே அடுத்தது குதிக்கிற காம்பினேஷன்ல ரெண்டாவது குதிப்ப யூகிச்சுப் பாருங்க, எறங்குறது வலதுகால் வெளி எட்ஜ்ல, அதுலேருந்து நேரா ஏற முடியுறது டோ லூப்பும் லூப்பும்தான், அதனால அம்பது அம்பது சான்ஸ் கூட இல்ல, பெரும்பாலும் டோ லூப்பே. போட்டி முடிஞ்சதும் ஐ.எஸ்.யூ., அதாவது சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், ஒவ்வொருத்தருக்கும் மார்க் ஷீட் பி.டி.எஃப்பா போடுவாங்க, நீங்க எழுதி வச்சத அதோட ஒத்துப் பாத்துக்கிடுங்க, தப்பான எடத்துல வீடியோவ திருப்பி ஓட்டுங்க.