பவர் சீட் அசையவில்லை, ஸ்கேனரில் யூ0208: மாட்யூல் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில் அத்தை மகன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். டிரைவர் சீட் முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. வெளியே ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில் யூ0208 என்ற கோளாறு கோட் வந்திருக்கிறது. "சீட் மாட்யூல் போயிடுச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியில் அவனுக்கு ஆன செலவு ஒரு காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே மட்டும்தான்.

மாட்யூல் என்பது வண்டியின் ஒரு பகுதியை இயக்குகிற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. யூ0208 என்றால் 'சீட் கண்ட்ரோல் மாட்யூல் ஏ-வுடன் தொடர்பு இல்லை' என்று அர்த்தம். யூ0209 வந்தால் அது மாட்யூல் பி. இந்த கோட்-ஐ எழுதி வைப்பது சீட் மாட்யூல் இல்லை, அதோடு பேச முயன்ற வேறொரு மாட்யூல். வகுப்பில் பேர் கூப்பிட்டுப் பதில் வராத பையனுக்கு வாத்தியார் ஆப்சென்ட் போடுகிற மாதிரிதான் இதுவும். பையனுக்குக் காய்ச்சலா, பஸ் வரவில்லையா என்பது ரிஜிஸ்டரில் இருக்காது. அதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லா பவர் சீட்டிலும் மாட்யூல் இருக்காது. சாதாரண வகையில் சுவிட்சிலிருந்து கரண்ட் நேரே மோட்டாருக்குப் போய்விடும், அதில் இந்தக் கோட் வராது. மெமரி பட்டன் இருக்கிற சீட் என்றால் பெரும்பாலும் மாட்யூல் இருக்கும்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், உங்கள் மாடலின் வயரிங் படம், இரண்டு வயர் இழுத்த ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர். மலிவான ப்ளூடூத் டாங்கிள்கள் பெரும்பாலும் என்ஜின் கோடோடு நின்றுவிடும். சீட் பக்கம் அவை எட்டிப் பார்க்காது.

படி 1: பேட்டரி

சிரிக்காதீர்கள், இதிலேயே பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். வோல்டேஜ் இறங்கினால் மாட்யூல்கள் ஒன்றையொன்று காணோம் என்று கண்டபடி கோட் எழுதும்.

படி 2: கோட்-ஐ அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன்

வந்த கோட் எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அழித்து, இக்னிஷனை ஆஃப் செய்து ஆன் செய்து, சீட் சுவிட்சை நாலு தடவை அழுத்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். திரும்பி வராவிட்டால் அது பழைய கோட், அல்லது விட்டுவிட்டு வருகிற லூஸ் காண்டாக்ட். சீட் மாட்யூல் மட்டும் பேசவில்லை என்றால் கோளாறு சீட் பக்கம். கதவு மாட்யூல், ஏசி என்று நாலைந்தும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் பொதுவான லைனில் சிக்கல், சீட்டுக்குக் கீழே குனிய வேண்டாம்.

படி 3: ஃப்யூஸ்

பல வண்டிகளில் சீட்டுக்கு இரண்டு ஃப்யூஸ் இருக்கும்: மோட்டாருக்குப் பெரியது, மாட்யூலின் மூளைக்குச் சின்னது. பெரியதை மட்டும் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று மூடிவிடாதீர்கள். போன ஃப்யூஸை மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதற்காகப் பெரிய ஆம்பியர் ஃப்யூஸைச் செருகினால் அடுத்து எரிவது வயர்தான்.

படி 4: சீட்டுக்கு அடியில்

இங்கே ஒரு எச்சரிக்கை. மஞ்சள் கப்ளரை (வயர்களை இணைக்கிற பிளக்) தொடாதீர்கள், அதில் மீட்டரும் வைக்காதீர்கள். அது ஏர்பேக்குக்கும் பெல்ட் இழுப்பானுக்கும் போவது. எந்தக் கப்ளரைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, உங்கள் வண்டியின் மேனுவல் சொல்கிற நேரம் காத்திருங்கள். சீட்டையே கழற்ற வேண்டி வந்தால், முதல் தடவை பார்ப்பவர் அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

இனி டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் முன்னும் பின்னும் போகும்போது கூடவே வளைகிற வயர் கட்டு ஒன்று இருக்கும். உருண்டு போன தண்ணீர் பாட்டில், பத்து ரூபாய்க் காசு, எலி என்று அதற்கு எதிரிகள் ஏராளம். அத்தை மகன் வண்டியில் தரை விரிப்பை அமுக்கினேன், விரலோடு தண்ணீர் வந்தது. கப்ளரைப் பிரித்தால் இரண்டு பின்களில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. அத்தை மகன் நனைந்த குடையை மழைக்காலம் முழுக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில்தான் போட்டு வைத்திருக்கிறான்.

படி 5: கரண்டும் எர்த்தும்

இதற்குப் பேட்டரியை மறுபடி மாட்டியிருக்க வேண்டும். மாட்யூல் கப்ளரில் பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டர் 12 வோல்ட் காட்டினால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 காட்டும். அதற்குத்தான் அந்த பல்பு. அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். அதே கப்ளரில் மோட்டாருக்கான பவர் பின்னிலும் எர்த்திலும் வைத்துப் பாருங்கள், பளிச்சென்று எரிந்தால் அந்த லைன் நல்லது. மங்கினால் பல்பின் எர்த் வயரை மட்டும் பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றுங்கள். இப்போது பளிச்சென்றால் கோளாறு எர்த்தில். தரையில் எர்த் முடுக்கிய இடத்தைத் தேடித் துருவைச் சுரண்டி மறுபடி முடுக்குங்கள். மாட்யூல்கள் பேசிக்கொள்கிற தகவல் வயர்களில் மட்டும் இந்த பல்பை வைத்துவிடாதீர்கள்.

படி 6: பேச்சு வயர்கள்

மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசுகிற இரட்டை வயருக்குக் கேன் லைன் என்று பெயர். பலரும் ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனரைச் செருகுகிற இடம்) 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே 60 ஓம் பார்த்துவிட்டு 'கேன் லைன் ஓகே' என்று எழுந்துவிடுகிறார்கள். கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் சேர்ந்து காட்டுவதுதான் அந்த 60. சீட்டுக்குப் போவது பெரும்பாலும் நடுவில் பிரிகிற கிளை. அது அறுந்து கிடந்தாலும் முனைகள் நன்றாக இருந்தால் 60 தான் வரும். போதாததற்கு, கேட்வே (லைன்களுக்கு நடுவே நிற்கிற மாட்யூல்) உள்ள வண்டியில் ஓபிடி சாக்கெட்டிலிருந்து சீட்டின் லைன் தெரியவே தெரியாது.

அதனால் பேட்டரியைக் கழற்றி, மாட்யூலின் கப்ளரைப் பிரித்து, வயர் பக்கத்திலேயே அளங்கள். 60 வந்தால் கிளை வரை வழி சரி. 120 வந்தால் எங்கோ ஒரு முனை விட்டிருக்கிறது, அல்லது அந்த ரெசிஸ்டர் நீங்கள் கழற்றிய மாட்யூலுக்குள்ளேயே இருக்கலாம். வயரிங் படம் சொல்லும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில வண்டிகளில் சீட்டுக்கு லின் எனும் ஒற்றை வயர்தான் போகும். அதில் இந்த ஓம் கணக்கு செல்லாது. இக்னிஷன் போட்டால் பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேன் வயரை ஒட்ட வேண்டி வந்தால் முறுக்கைப் பிரித்து நீட்டிவிடாதீர்கள். ஒட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

பவர், எர்த், பேச்சு வயர் மூன்றும் மாட்யூலின் வாசல் வரை சரியாக வந்தும் அது பேசவில்லை என்றால் மட்டும் மாட்யூலைச் சந்தேகப்படுங்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற மாட்யூல் கோடிங் (உங்கள் வண்டிக்கு ஏற்ப அதை அமைப்பது) செய்யாமல் பல வண்டிகளில் வேலை செய்யாது, பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. களிம்பைச் சுத்தம் செய்து, ஸ்ப்ரே அடித்துக் காயவைத்துப் பூட்டியதும் மாட்யூல் ஸ்கேனரில் தலை காட்டியது. கோட்-ஐ அழித்து, சீட்டை இரு முனைக்கும் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்தோம், சுத்தம். தரை விரிப்பு காய மூன்று நாள் ஆயிற்று. குடை இப்போது டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் நிற்கிறது.